ஓப்பனர் ஒப்படைக்கும் கணக்கு

டெஸ்ட் மேட்ச்சில் தொடக்க ஆட்டக்காரர் அடித்து ஆட வேண்டுமா, நின்று ஆட வேண்டுமா? கீரிப்பாறையில் காலை ரப்பர் வெட்டு முடித்துச் சாயாக்கடைக்கு வருகிற பையன்களிடம் கேட்டால், "அடிக்கணும், பந்தைத் தின்னுட்டு நிக்கப்பிடாது" என்பார்கள். என் வயதுக்காரர்களிடம் கேட்டால், "கவாஸ்கரைப் பாருங்க, அப்படி நிக்கணும்" என்பார்கள். இரு தரப்பும் சளைக்காமல் வாதாடும். எனக்கு இரண்டு கட்சியிலும் சேர விருப்பமில்லை. ஓப்பனரின் வேகத்தை அளக்க இவர்கள் இருவரும் எடுக்கிற கோலே சரியில்லை என்பது என் எண்ணம்.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். மாற்றலாகிப் போகிற எழுத்தர் எவ்வளவு சுறுசுறுப்பானவர் என்பதை அவர் இருக்கையில் இருக்கும்போது யாரும் சரியாகச் சொல்ல முடியாது. அடுத்தவர் வந்து பொறுப்பேற்று, தன்பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும்போதுதான் உண்மை தெரியும். நாள் முழுக்கப் பரபரப்பாக இருந்தவர் நிலுவைக் கோப்புகளைக் கட்டுக் கட்டாக விட்டுப் போயிருப்பார். மெதுவாக வேலை செய்தவர் என்று பேர் எடுத்தவரின் மேசை துடைத்து வைத்ததுபோல் இருக்கும். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும்.

ஓப்பனர் விஷயமும் இதுதான். அவர் எத்தனை பந்தில் எத்தனை ரன் எடுத்தார் என்பது அவருடைய சொந்தக் கணக்கு. அடுத்து வருகிறவரிடம் எதை ஒப்படைத்தார் என்பது அணியின் கணக்கு. பந்து எவ்வளவு பழசாகியிருக்கிறது, வீசுகிறவர்கள் எவ்வளவு களைத்திருக்கிறார்கள், ஸ்கோர் என்ன, நேரம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்ற நாலையும் பார்த்துத்தான் அவர் ஆடிய வேகம் சரியா தவறா என்று சொல்ல முடியும்.

இதற்கு வெளியூர் போய்ச் சாட்சி தேட வேண்டியதில்லை. சேப்பாக்கத்திலேயே இருக்கிறது.

1999 ஜனவரியில் பாகிஸ்தானோடு ஆடிய டெஸ்ட். வெற்றிக்கு 271 ரன் வேண்டும். மூன்றாம் நாள் மாலை இரண்டு தொடக்க ஆட்டக்காரர்களையும் வக்கார் யூனிஸ் அனுப்பிவிட்டார். ஸ்கோர் 2 விக்கெட்டுக்கு 6. டெண்டுல்கர் இறங்கினார். முதுகுவலியோடு அவர் எடுத்த 136 ரன்னை நம்மில் யாரும் மறக்க மாட்டோம். 254இல் அவர் அவுட். அடுத்த 4 ரன்னில் மீதி மூன்று விக்கெட்டும் போயின. 12 ரன்னில் தோல்வி.

2008 டிசம்பரில் அதே மைதானத்தில் இங்கிலாந்தோடு ஆட்டம். மும்பைத் தாக்குதல் நடந்து சில வாரமே ஆகியிருந்தது. இலக்கு 387. நாலாம் நாள் பிற்பகலில் சேவாக்கும் கம்பீரும் இறங்கினார்கள். சேவாக் 68 பந்தில் 83. முதல் விக்கெட் விழுந்தபோது ஸ்கோர் 117. அன்று ஆட்டம் முடிந்தபோது 1 விக்கெட்டுக்கு 131. கடைசி நாளுக்கு மிச்சம் 256. டெண்டுல்கர் இறங்கும்போது 2 விக்கெட்டுக்கு 141. அவர் 103 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார், யுவராஜ் கூட நின்று 85 எடுத்தார், 6 விக்கெட்டில் வெற்றி.

ஒரே மைதானம். ஒரே ஆள். இரண்டு முறையும் நாலாவது இன்னிங்ஸில் சதம். 271 கிடைக்கவில்லை, 387 கிடைத்தது. காரணம் முழுக்க ஓப்பனர்கள் என்று சொல்ல மாட்டேன். 1999இல் வக்காரும் வாசிமும் சக்லைனும் வீசினார்கள், கடைசி ஆட்டக்காரர்கள் 17 ரன் எடுத்திருந்தால் கதையே வேறு. ஆனால் 6 ரன்னுக்கு 2 விக்கெட் என்ற நிலையில் பொறுப்பேற்பதும், 141க்கு 2 என்ற நிலையில் பொறுப்பேற்பதும் ஒன்றல்ல. முதலாவதில் டெண்டுல்கர் ஓப்பனர் வேலையையும் தானே பார்த்து, தன் வேலையையும் பார்த்தார்.

இதைக் கேட்டதும் பையன்கள் துள்ளுவார்கள். "பாத்தீங்களா சார், சேவாக் அடிச்சதாலதான ஜெயிச்சோம்!" சரிதான். அந்த மாலையில் வேகம்தான் தேவைப்பட்டது. இலக்கு பெரிது, மிச்சம் ஒரு நாளும் கொஞ்சமும். இங்கிலாந்தின் கேப்டன் பீட்டர்சன் ஃபீல்டர்களை எல்லைக்கோட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மறுநாள் ஒன்றும் இரண்டுமாக எடுக்க இடம் கிடைத்தது. சேவாக் ஒப்படைத்தது 83 ரன் மட்டுமில்லை, விரிந்து கிடந்த மைதானத்தையும் சேர்த்துத்தான்.

ஆனால் அதே சேவாக் அதே ஆண்டு மார்ச்சில் அதே சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 304 பந்தில் 319 எடுத்தார். 278 பந்தில் முச்சதம். அதைவிட வேகமான முச்சதம் டெஸ்டில் அதற்கு முன்பு இல்லை. ஆட்டம் என்ன ஆயிற்று? டிரா. தென்னாப்பிரிக்கா 540, இந்தியா 627, ஆடுகளம் தார் ரோடு மாதிரி. அந்த இன்னிங்ஸ் பார்க்கக் கிடைத்தது நம் பாக்கியம், அதில் சந்தேகமில்லை. வேகம் மட்டுமே ஆட்டத்தை வென்று தராது என்பதற்காகச் சொல்கிறேன். 319ஐவிட 83 பெரிதாக இருந்த ஆண்டு அது.

இன்னொன்றையும் அந்த மார்ச் ஆட்டத்தில் கவனிக்க வேண்டும். சேவாக்கோடு இறங்கிய வாசிம் ஜாஃபர் 73 எடுத்தார். முதல் விக்கெட்டுக்கு 213. சேவாக் இரண்டு மடங்கு வேகத்தில் போனபோது ஜாஃபர் தானும் போட்டி போட்டு ஓடவில்லை. ஒரு வண்டிக்கு இரண்டு மாடு பூட்டினால் இரண்டும் ஒரே நடை நடக்க வேண்டும். ஓப்பனர் ஜோடிக்கு அந்த விதி பொருந்தாது. ஆளுக்கொரு நடை இருப்பதே நல்லது. பந்து வீசுகிறவன் ஒருவனுக்குப் போட்ட அளவை மற்றவனுக்கு மாற்ற வேண்டியிருக்கும், ஒரு ஓவருக்குள் இரண்டு மூன்று தடவை.

நம் ஸ்ரீகாந்தும் கவாஸ்கரும் அப்படிப்பட்ட ஜோடி. 1986 ஜனவரியில் சிட்னியில் முதல் விக்கெட்டுக்கு 191. ஸ்ரீகாந்த் ஏறக்குறைய பந்துக்கொரு ரன் வீதம் 116, கவாஸ்கர் 172. மறு ஆண்டு பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 200. ஸ்ரீகாந்த் 123, கவாஸ்கர் 91. ஸ்ரீகாந்த் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஸ்கொயர் லெக் பக்கம் நடந்து போய்த் திரும்பி வந்து, வேகப்பந்தை வேலிக்கு அனுப்புவதை ரேடியோவில் கேட்டே கண்ணால் பார்த்தவர்கள் நாம். எதிர்முனையில் கவாஸ்கர் இருந்தார் என்ற தைரியம் அவருக்கு இருந்தது. கவாஸ்கருக்கும் லாபம்தான். ஸ்ரீகாந்த் அடிக்க அடிக்க ஸ்லிப்பில் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

ஸ்ரீகாந்த் 43 டெஸ்டில் 2062 ரன், 2 சதம். சராசரி முப்பதை எட்டவில்லை. பல ஆட்டங்களில் அவர் ஒப்படைத்துப் போனது பளபளப்பு மாறாத பந்தை. அதைச் சொல்லாமல் விட்டால் அது நடுநிலை ஆகாது. என் அபிமான ஆட்டக்காரர் என்பதற்காகக் கணக்கை மாற்றி எழுத முடியாது.

இனி நின்று ஆடும் கட்சிக்கு வருகிறேன்.

புதுப்பந்து என்றால் என்ன என்பதை முதலில் யோசிக்க வேண்டும். மேல்தோல் பளபளப்பாக இருக்கும், தையல் எழும்பி நிற்கும், பந்து கல்லு மாதிரி இருக்கும். காற்றில் வளையும், தையலில் விழுந்தால் எந்தப் பக்கம் போகும் என்று வீசியவனுக்கே தெரியாது. இருபது இருபத்தைந்து ஓவர் போனால் பளபளப்பு குறைந்து, தையல் படிந்து, பந்து கொஞ்சம் மெத்தென்றாகும். அடுத்த புதுப்பந்து 80 ஓவருக்குப் பிறகுதான். ஆக முதல் இருபத்தைந்து ஓவரின் கஷ்டத்தை யாராவது ஒருவர் வாங்கித்தான் ஆக வேண்டும். ஓப்பனர் வாங்காவிட்டால் மூன்றாம் ஆள், நாலாம் ஆள் வாங்குவார்கள். முதல் மணி நேரத்தைப் பந்து வீச்சாளருக்குக் கொடு, மீதி நாள் உனக்கு என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்லிவந்ததன் பொருள் இதுதான்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளியில். அங்கே கிரிக்கெட் கிடையாது, பந்து என்றால் கால்பந்து. ஆனால் 'டிக்தே' என்று ஒன்று உண்டு. சொல்வதெழுதுதல். வாத்தியார் முதல் தடவை முழுப் பத்தியையும் வாசிப்பார். அப்போது பேனாவைத் தொடக்கூடாது, காதால் மட்டும் கேட்க வேண்டும். இரண்டாம் தடவை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார், எழுத வேண்டும். மூன்றாம் தடவை வாசிக்கும்போது பிழை திருத்த வேண்டும். முதல் வாசிப்பிலேயே அவசரப்பட்டு எழுதத் தொடங்குகிற பையனுக்கு மார்க் போய்விடும். பல ஆண்டு கழித்து டெஸ்ட் கிரிக்கெட்டைக் கவனிக்கத் தொடங்கியபோது, ஓப்பனரின் முதல் மணி நேரம் எனக்கு அந்த முதல் வாசிப்பாகத்தான் பட்டது. ஆடுகளம் வாசிக்கிறது, இவர் கேட்கிறார்.

கேட்கத் தெரிந்த ஓப்பனர் நம் சென்னையிலிருந்தே ஒருவர் போனார். முரளி விஜய். 2014இல் இங்கிலாந்தில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள், அவர் அடித்த பந்துகளைவிட விட்ட பந்துகளைத்தான் அதிகம் நினைவில் வைத்திருப்பார்கள். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்தை, மட்டையைத் தூக்கி, வழியனுப்பி வைத்துக்கொண்டே இருந்தார். ஐபிஎல்லில் சிக்ஸர் அடித்துப் பேர் வாங்கியவர் அவர் என்பதை மறக்க வேண்டாம். அடிக்கத் தெரியாமல் விடவில்லை.

லார்ட்ஸில் அந்த ஆண்டு இந்தியா முதல் இன்னிங்ஸில் 24 ரன் பின்தங்கியிருந்தது. இரண்டாம் இன்னிங்ஸில் விஜய் 247 பந்து நின்று 95. சதம் ஐந்து ரன்னில் போயிற்று. பிறகு ஜடேஜா 57 பந்தில் 68 என்று சுழற்றினார், புவனேஸ்வர் குமார் 52 எடுத்தார். கடைசி நாள் இஷாந்த் சர்மா பவுன்சராகப் போட்டு 7 விக்கெட் எடுத்தார். இந்தியா 95 ரன்னில் வெற்றி. பத்திரிகைகளில் இஷாந்த் படம், ஜடேஜா வாளைப்போல் மட்டையைச் சுழற்றுகிற படம். விஜய்யின் 247 பந்து அடியில் கிடந்தது, அஸ்திவாரக் கல் மாதிரி. வெற்றியின் அளவும் அவர் எடுத்த ரன்னும் ஒரே எண் என்பது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

அதே ஆண்டு டிசம்பரில் அடிலெய்ட். கடைசி நாள் இலக்கு 364. 57க்கு 2 விக்கெட் போன பிறகு விஜய்யும் கோலியும் 185 சேர்த்தார்கள். விஜய் 234 பந்தில் 99 எடுத்து அவுட். அப்போது ஸ்கோர் 242, வேண்டியது இன்னும் 122. அங்கிருந்து மீதி எல்லாரும் 73 ரன்னுக்குள் போய், 48 ரன்னில் தோல்வி. கோலி 141. "விஜய் இன்னும் வேகமா ஆடியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்" என்று அப்போது சிலர் சொன்னார்கள். அவர் ஒப்படைத்த கணக்கைப் பாருங்கள். ஏழு விக்கெட் கையில், 122 ரன் பாக்கி. இதற்கு மேல் ஒரு ஓப்பனரிடம் என்ன கேட்பது?

இப்படி நிழலில் போன இன்னொருவர் சடகோபன் ரமேஷ். 1999 பிப்ரவரி டெல்லி டெஸ்ட் என்றால் கும்ப்ளேயின் பத்து விக்கெட்தான் எல்லாருக்கும் நினைவு வரும். பாகிஸ்தானுக்கு 420 என்ற இலக்கு வைத்ததால்தானே கும்ப்ளேவால் நிம்மதியாக வீச முடிந்தது? அந்த ஆட்டத்தில் ரமேஷ் 60, 96.

நிதானத்துக்கு நம் ஊரில் இன்னும் பெரிய சாட்சி உண்டு. 1956 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் இறங்கினார்கள். முதல் நாள் முழுக்க விக்கெட்டே விழவில்லை. மாலையில் 234. இன்றைக்கு ஒருநாள் ஆட்டத்தில் இதைவிட அதிகம் எடுக்கிறார்கள். மறுநாள்தான் ஜோடி பிரிந்தது, 413இல். மன்கட் 231, ராய் 173. தொடக்க விக்கெட்டுக்கு அது உலக சாதனை. 52 ஆண்டு நின்றது. 2008இல் தென்னாப்பிரிக்காவின் மெக்கென்சியும் ஸ்மித்தும் 415 எடுத்து முறியடித்தார்கள். மெதுவாக ஆடியதால் ஆட்டம் டிரா ஆயிற்றா? இந்தியா 3 விக்கெட்டுக்கு 537இல் டிக்ளேர் செய்து, இன்னிங்ஸ் மற்றும் 109 ரன்னில் வென்றது. ஐந்து நாள் ஆட்டத்தில் முதல் நாளே நாலாம் நாளுக்குரிய அவசரம் காட்ட வேண்டியதில்லை.

நிதானம் என்ற பேரில் தவறும் நடக்கும். 1975 உலகக் கோப்பையில் இங்கிலாந்து 334 எடுத்த பிறகு, கவாஸ்கர் 60 ஓவரும் நின்று 174 பந்தில் 36 எடுத்ததை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது டெஸ்ட் இல்லை, ஒருநாள் ஆட்டம். ஆனாலும் பாடம் ஒன்றுதான். எதற்காக நிற்கிறோம் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத நிதானம் சும்மா உட்கார்ந்திருப்பதற்குச் சமம். தூக்கிப்போட்ட பந்தையும், காலில் விழுந்த பந்தையும் அடிக்காமல் விடுகிற ஓப்பனர், வீசுகிறவனுக்குத் தைரியம் கொடுக்கிறார். அடுத்து வருகிறவர் தலையில் பாரம் ஏற்றுகிறார். அதே கவாஸ்கர்தான் 1983 அக்டோபரில் டெல்லியில் மார்ஷல், ஹோல்டிங் பந்தை விளாசி 94 பந்தில் சதம் போட்டார். இரண்டு மாதம் கழித்து சேப்பாக்கத்தில், ஓப்பனராக வேண்டாம் என்று நாலாம் இடத்தில் இறங்கினார். ஸ்கோர் 2 விக்கெட்டுக்கு பூஜ்யம்! பின்னால் ஒளிந்தாலும் புதுப்பந்து தேடி வந்துவிட்டது. அன்று அவர் நின்று நின்று எடுத்தது 236, ஆட்டமிழக்காமல். ஒரே தொடரில் ஒரே ஆள், இரண்டு வேகம்.

இந்தக் காலத்துப் பையன்களிலும் இது தெரிந்தவர் இருக்கிறார். ஜெய்ஸ்வால் 2024இல் கான்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக 51 பந்தில் 72 அடித்தார். மழையில் இரண்டு நாளுக்கு மேல் போய்விட்டது, வெற்றி வேண்டுமென்றால் அடித்தே ஆக வேண்டும். அடுத்த இரண்டே மாதத்தில் பெர்த். முதல் இன்னிங்ஸில் அவர் பூஜ்யம், இந்தியா மொத்தம் 150. இரண்டாம் இன்னிங்ஸில் ராகுலோடு சேர்ந்து 201. ராகுல் 176 பந்தில் 77, ஜெய்ஸ்வால் 297 பந்தில் 161. இந்தியா 295 ரன்னில் வென்றது. கான்பூர் ஆளும் பெர்த் ஆளும் ஒருவர்தான் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.

அடித்தாடுவதையே கொள்கையாக வைத்திருக்கிற இங்கிலாந்தும் இதற்கு விலக்கில்லை. 2025 ஜூனில் லீட்ஸில் 371 இலக்கைத் துரத்தியபோது தொடக்க ஜோடி 188 எடுத்தது. டக்கெட் 170 பந்தில் 149. எதிர்முனையில் கிராலி 126 பந்தில் 65. நம் பும்ராவின் புதுப்பந்தை ஒருவர் கரைத்தார், ஒருவர் அடித்தார். ஐந்து விக்கெட் மிச்சம் வைத்து ஜெயித்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. முதல் இன்னிங்ஸில், ஐந்து நாள் முன்னால் இருக்கும்போது, ஓப்பனர் புதுப்பந்தைப் பழசாக்கிக் கொடுப்பதே முதல் கடமை. அந்த நேரத்திலும் தவறான பந்துக்குத் தண்டனை கட்டாயம் உண்டு. இருபத்தைந்து ஓவர் தாண்டிவிட்டால் அவர் வேகத்தைக் கூட்டலாம், கூட்டவும் வேண்டும். ஏனென்றால் பட்ட கஷ்டத்தின் பலனை அறுவடை செய்ய அவரைவிடத் தகுதியானவர் இல்லை. எண்பதாம் ஓவர் நெருங்கும்போது மறுபடி முதல் மணி நேரம் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். நாலாம் இன்னிங்ஸில் வேகத்தை முடிவு செய்வது இலக்கும் கடிகாரமும்தான், அவருடைய சுபாவம் இல்லை. ஜோடியில் ஒருவர் அடிக்கும் நாளில் மற்றவர் நிற்க வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஸ்ட்ரைக் ரேட் என்ற ஒரே எண்ணை வைத்துப் பையன்களை எடைபோடும் காலம் இது. இருபது ஓவர் ஆட்டத்தில்தான் பணம், அங்கே விட்ட பந்துக்கு மதிப்பில்லை. நூறு பந்து நிற்கத் தெரிந்த பதினாறு வயதுப் பையனிடம் "நீ ஸ்லோ" என்று நாலு பேர் சொன்னால் அவன் அந்த வித்தையைக் கைவிட்டுவிடுவான். பிறகு லார்ட்ஸிலும் பெர்த்திலும் மேகம் மூடிய காலையில் நிற்க ஆள் தேடினால் எங்கே கிடைக்கும்? அடிக்கிறவனுக்குக் கை தட்ட ஊரே இருக்கிறது. உங்கள் பேரன் மட்டையோடு வீடு திரும்பினால், எத்தனை ரன் எடுத்தாய் என்று கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, நீ அவுட் ஆனபோது ஸ்கோர் என்ன, பந்து எவ்வளவு பழசு என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பையன்தான் ஓப்பனர்.